முன்சக்கரம் உயரக் கூடாது

ஸ்தாம்காவின் கார் மார்ச் மாத நடுவில், புகோவோ கிராமத்துக்கு மேலே ஏறும் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் செத்தது. வாங்கி இரண்டு வருடம் முடியவில்லை. இரும்பு இரும்பைக் கடிப்பது போல ஒரு சத்தம், ஒரு இருமல், அப்புறம் மூச்சில்லை. ஸ்தாம்கா அந்த மலைக்கு நர்ஸ். மனிதர்கள் அப்படிச் சத்தம் போட்டு அடங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாள், சாத்தினாள், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தாள்.

நடக்காமல் முடியாது, கண்ணுகளா. உச்சிக் குடியிருப்பில் மனோல் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர். இடது பாதத்தில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவிக் கட்டினால் கால் அவருடையது, விட்டுவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்று கீழே டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் புகோவோவோடு நின்றுவிடும். மேல்பாதைக்கு அதன் அகலம் ஒத்துவராது. மனைவி கினாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அக்கம்பக்கத்தில் யாரிடமும் வண்டி இல்லை. ஆகவே அந்தக் காலுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருந்தது ஸ்தாம்காவின் சின்னக் கார் ஒன்றுதான்.

"வண்டிச் சத்தம் கேக்கலையே, பொண்ணே" என்றார் மனோல்.

"நின்னு போச்சு மாமா."

"நான்தான் நூல் கட்டி விட்டேனே அதுக்கு."

கட்டித்தான் இருந்தார். மார்ச் முதல் தேதி எல்லாரும் ஒருவருக்கொருவர் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கட்டிவிடுவார்களே, வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று, அந்த நூல். ஸ்தாம்காவின் கையில் கட்டினார், ஆட்டுக்குக் கட்டினார், ஆப்பிள் மரத்துக்குக் கட்டினார். பிறகு நொண்டிக்கொண்டே காரிடம் போய், மூடியைத் திறக்கச் சொல்லி, ஆயில் அளக்கும் கம்பியின் பிடியில் ஒன்று கட்டினார். "இத மட்டும் விட்டா கோவிச்சுக்கும்" என்றார். ஸ்தாம்கா சிரித்தாள். சிரித்ததுதான் கடைசி.

வாரண்டி இருந்ததால் அவள் பயப்படவில்லை. இழுவை வண்டி காரைப் பிளோவ்திவ் நகரத்துச் சமவெளிக்குக் கொண்டுபோய், நெல்வயல்களுக்கு நடுவே நிற்கிற ஒரு கண்ணாடி மாளிகையில் விட்டது. வாரண்டிக் காரியமெல்லாம் அங்கேதான். உள்ளே நீரூற்று இருந்தது. பளிங்குத் தரையில் நடக்கச் செருப்புக்கு மேலே நீல உறை போட வேண்டும். எண்ணெய் வாசனை மட்டும் எங்கேயும் இல்லை.

"எஞ்சின் செத்துப்போச்சும்மா" என்றாள் ஸ்தாம்கா, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அப்படிச் சொல்லாதீங்க. மத்த வாடிக்கையாளருங்க காதுல விழும். எங்க எஞ்சின் சாகாது. 'சேவையை நிறுத்தி வைத்துள்ளது'ன்னு எழுதிக்கிறேன்."

"சரி. அது திரும்ப ஆரம்பிக்கிற வரைக்கும் எனக்கு மாத்து வண்டி ஒண்ணு குடுப்பீங்களாமே. நான் நர்ஸு. ஒருத்தர் கால் புண்ணோட மேல கிடக்காரு."

"தாராளமா. அதோ நிக்குது பாருங்க." கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று ஒரு கார் நின்றது. "எஞ்சின் பழுதுன்னு எங்க விசாரணைக் குழு ஒத்துக்கிட்ட வாடிக்கையாளருக்கு அது கிடைக்கும்."

"ஒத்துக்கிட்டா புது எஞ்சினே போட்டுருவீங்களே."

"ஆமா. அதனால இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படல" என்றாள் அந்தப் பெண், பெருமையாக. "கிலோமீட்டரே ஓடாத வண்டி."

ஸ்தாம்கா பேருந்தில் திரும்பினாள். அதற்குப் பிறகு, உச்சி வரை போகும் காட்டுத் தடத்தில் மரம் ஏற்றுகிற லாரி போகும் நாட்களில் லாரியில் ஏறினாள். பனி உருகி அந்தத் தடம் சேறானதும் லாரியும் நின்றது, நடந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வாரத்துக்கு இரண்டு தடவை ஆனது. புண் கணக்குப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆமாம், விசாரணைதான். நீளமான அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் அவளுடைய எஞ்சின். சுற்றிலும் கையுறை போட்ட மூன்று பேர். ஆரம்பிக்கும் முன் எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். ஸ்தாம்காவும் நின்றாள், யார் போய்விட்டார்கள் என்று தெரியாமலே. தலைவர் பெயர் பொறியாளர் கபஸாகோவ். வழுக்கைத் தலை, கனிவான குரல். சாவுச் செய்தி சொல்லப் பழகிய டாக்டர்களிடம் அந்தக் குரலை ஸ்தாம்கா கேட்டிருக்கிறாள்.

அவர் இடுக்கியால் அந்த நூலைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பொருள் எங்க உதிரி பாகப் பட்டியல்ல இல்ல மேடம். இது என்ன?"

"மார்ச் நூல் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். நிறுவனத்துக்குத் தெரியாது." சட்டைக் கையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் மணிக்கட்டிலிருந்தும் ஒரு சிவப்பு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "எஞ்சின்ல யாரு கட்டினது?"

"மனோல் மாமா. என் நோயாளி."

"அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கா?"

"ஆடு மேய்ச்சவரு."

"எழுதிக்கோங்க. ஆடு. எதுக்காகக் கட்டினாரு?"

"எதுக்குக் கட்டுவாங்க, நோய்நொடி இல்லாம நல்லா இருக்கட்டும்னுதான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படின்னா, எஞ்சினுக்கு நோய் வரலாம்னு உங்க தரப்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, நல்லா இருக்கிற வண்டிக்கும் கட்டுறதுதானே."

"நல்லா இருக்கிற வண்டிக்கு எதுக்கு மேடம் ஆரோக்கியம்?"

கபஸாகோவ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த எஞ்சின் நல்லா ஓடும்னு உறுதி குடுத்தது நாங்க. அதே எஞ்சின் நல்லா இருக்கும்னு இன்னொருத்தர் நூல் கட்டி உறுதி குடுத்திருக்காரு. அதாவது, மூணாம் நபர் வாரண்டி. ரெண்டு பேர் உறுதி குடுத்த பொருளுக்கு யார் பொறுப்பு? எஞ்சினே குழம்பிப் போயிருக்கலாம். அந்த மனோலை நேர்ல வரச் சொல்லுங்க. வாக்குமூலம் வேணும்."

"அவரால நடக்க முடியாது சார். அவரால நடக்க முடியலன்னுதான் எனக்கு வண்டி வேணுங்கிறேன்."

"வண்டி கிடைச்சதும் அதுல கூட்டிட்டு வாங்க. அப்பறம் வண்டி குடுக்கறதைப் பத்திப் பேசலாம்."

திரும்பி வந்து இதைச் சொன்னபோது கினா கையில் இருந்த உருளைக்கிழங்கை அப்படியே வைத்துவிட்டு, "அவனுங்களுக்கு அம்மா அப்பா இருக்காங்களாடி?" என்று கேட்டாள். மனோல் மட்டும் ரொம்ப வருத்தப்பட்டார். "நான் கட்டினது தப்பாப் போச்சா?" என்று நாலு தடவை கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த மாளிகைக் கண்ணாடி எல்லாவற்றையும் கல்லால் அடித்திருக்கலாம். ஸ்தாம்கா அடிக்கவில்லை. புண்ணைக் கழுவினாள். விளிம்பு வெளுக்க ஆரம்பித்திருந்தது.

நூல் வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் பரிசோதனைக்குப் போனது. விமானத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், காப்பீட்டோடு. மனோலின் காலுக்குக் கிடைக்காத சவாரி நூலுக்குக் கிடைத்தது. ஏப்ரலில் முடிவு வந்தது: நூல், கம்பளி, குற்றமற்றது. அதற்குள் யாரோ ஒரு தொழிலாளி எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒரு பாகம் வார்ப்பிலேயே விரிசலோடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். குழு கூடி அதைத் தகுந்த மொழியில் மாற்றி எழுதியது: "எஞ்சினில் குறை இல்லை. ஆயினும் அது எஞ்சினாகத் தொடர விருப்பம் காட்டவில்லை."

புது எஞ்சின் கொடுப்பதற்கு விழா வைத்தார்கள். காருக்கு மேல் பட்டுத் துணி போர்த்தி, ஸ்தாம்காவின் கையில் பூங்கொத்து கொடுத்து, படம் எடுத்தார்கள். கபஸாகோவ் பேசினார்.

"பழசு கெட்டுப்போச்சு, அதனால புதுசு குடுக்கறோம்னு யாரும் நினைச்சுடக் கூடாது. எங்க எஞ்சின் எதுவும் இதுவரைக்கும் கெட்டதா நிரூபிக்கப்பட்டதே இல்ல. ஏன்னா நிரூபிக்கிற இடத்துல நாங்கதான் இருக்கோம். இது எங்க பெருந்தன்மை. வாடிக்கையாளர் எங்களுக்குக் குடும்பம் மாதிரி. குடும்பத்துல யாராவது ஏதாவது கேட்டா உடனே குடுத்துடுவோமா? கேக்கறவங்களைக் கொஞ்சம் காக்க வெச்சாத்தானே மரியாதை."

எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்தாம்கா சாவியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்க மேடம் கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு. மலைக்கு."

கபஸாகோவ் மிகவும் அன்பாக அவள் கையிலிருந்து சாவியை வாங்கினார். புது எஞ்சினைப் பழக்க வேண்டும் என்றார். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் முடிகிற வரை சமதரையில் மட்டும். வேகமாகவும் கூடாது, மெதுவாகவும் கூடாது. ஒரே வேகத்தில் அதிக நேரம் போகக் கூடாது. சுமை கூடாது. எந்தக் காரணத்தாலும் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் புது எஞ்சினின் வாரண்டி அந்தக் கணமே போய்விடும்.

"என் ஊரு மேல இருக்கு சார். ஊருக்குப் போற வழியும் மேலதான் போகுது."

"அது உங்க ஊரோட வடிவமைப்புக் குறை. எங்களோடது இல்ல."

வேறு யாராவது ஓட்டிப் பழக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் இடமில்லை. உரிமையாளரின் பாதத்தை எஞ்சின் அறிந்துகொள்ள வேண்டுமாம். உரிமையாளர் தப்பு செய்யாமல் பார்த்துக்கொள்ளப் பழக்கல் அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்காருவார்.

அதிகாரியின் பெயர் திலியான். முப்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, மடியில் தொடுதிரைப் பலகை ஒன்று. நல்ல பையன்தான், அம்மா வளர்த்த பையன். ஆனால் அந்த மாளிகை அவனை எடுத்துத் தன் அச்சில் ஊற்றிவிட்டிருந்தது. ஒரு வாரம் பிளோவ்திவைச் சுற்றி நெல்வயல்களுக்கு நடுவே ஓட்டினார்கள். இரவு ஸ்தாம்கா ஒரு சித்தி மகள் வீட்டில் படுத்தாள். மேலே புண்ணைக் கினாதான் தடவித் தடவிக் கழுவிக் கட்டினாள். காலையில் மறுபடி நெல்வயல்.

"அக்கா, வேகத்தை மாத்துங்க. சலிப்படைஞ்சிடும்."

"எது?"

"எஞ்சின். முதல் நாட்கள் ரொம்ப முக்கியம்க்கா. பிறந்த குழந்தை மாதிரி."

"எத்தனை குழந்தையை இந்தக் கையில வாங்கியிருக்கேன் தெரியுமா தம்பி? ஒண்ணுகூட மேட்டுல ஏற மாட்டேன்னு சொன்னதில்ல."

"நம்ம ரெண்டு பேர் எடையைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றான் அவன், வேறு பேச்சுக்கு மாறி. "சுமைக் கணக்குல என்னைச் சேர்க்கறதில்ல. அதிகாரிக்கு எடை கிடையாதுன்னு விதி இருக்கு."

எதிரில் டிராக்டர் வந்தது. டிராக்டர்காரன் இவர்களை நாலு நாளாகப் பார்க்கிறான். கண்ணாடியை இறக்கி, "இன்னுமா வழி கிடைக்கல?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை கினா போன் செய்தாள். ஸ்தாம்கா வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை ஓடவிட்டு நிற்கக் கூடாது என்று திலியான் நினைவுபடுத்தினான். அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"புண்ணு எப்படி இருக்கு அத்தை? நிறம் என்ன?"

"நிறம் எனக்கு எங்கடி தெரியுது. கழுவறேன், கட்டறேன். ஆனா வாசம் மாறிடுச்சு. நேத்து ராத்திரியில இருந்து உடம்பு கொதிக்குது. என்னமோ ஆட்டைக் கூப்பிட்டுக்கிட்டே கிடக்காரு. ஸ்தாம்கா, நான் யாரைக் கூப்பிடுவேன்?"

ஸ்தாம்கா போனை வைத்தாள். கியரைப் போட்டாள். அடுத்த பிரிவில் வலதுபக்கம் திரும்பினாள். எதிரே அவளுடைய மலை, ரோதோப்பி, நீலமாக நின்றது.

"அக்கா, நம்ம பாதை இடதுபக்கம்."

அவள் மிதியை அழுத்தினாள்.

"அக்கா, இங்கேருந்து ஏத்தம் ஆரம்பிக்கும்."

"தெரியும்."

"மேடம்" என்றான் திலியான். அக்கா என்ற சொல் அவன் வாயிலிருந்து அத்தோடு போனது. "மேடம், நிறுத்துங்க. நான் பதிவு பண்ண வேண்டி வரும்."

"பண்ணு."

முன்சக்கரம் உயர்ந்தது. திலியான் பலகையில் எதையோ அழுத்தினான். அது பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் ஒரு விதியை வாசித்தான். தாழ்ந்த கியரில் நீண்ட ஏற்றம், விதி மீறல். திடீர் முடுக்கம், விதி மீறல். ஒரு வளைவில் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அதையும் பாதி வாசித்தான். எஞ்சின் ஒன்றும் வாசிக்கவில்லை. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு, ஏறுவதற்கென்றே பிறந்த மாதிரி ஏறியது.

"உங்க கோபம் புரியுது மேடம்" என்றான் அவன், முகம் வெளிறி. "ஆனா ஒருத்தருக்காக விதியைத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் மலையில குடியிருப்பாங்க."

ஸ்தாம்கா முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு அப்பா இருக்காராப்பா?"

"இருக்காரு."

"ரெண்டு காலும்?"

அதற்குப் பிறகு அவன் வாசிக்கவில்லை. பலகை மட்டும் கத்திக்கொண்டே வந்தது. உச்சிக் குடியிருப்புக்கு வந்ததும் சிக்னல் போய் அதுவும் வாயை மூடியது.

மனோலின் காலைக் கட்டவிழ்த்தபோது ஸ்தாம்கா மூச்சை வாயால் இழுத்துக்கொண்டாள். இரண்டு விரல் கறுத்திருந்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மருந்துப் பையில் இருந்த எதுவும் அதற்குப் போதாது. ஊசி ஒன்று போட்டாள், போர்வையை எடுத்தாள். பக்கத்து வீட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டு மனோலைப் பின் இருக்கையில் குறுக்கே படுக்கவைத்தாள். தலையைப் பிடித்துக்கொள்ளக் கினா அவரோடு எப்படியோ ஒடுங்கிக்கொண்டாள். கால் நீட்டி உயரமாக இருக்க வேண்டும். அதற்கு முன் இருக்கையின் சாய்வை முழுக்கப் படுக்கவைத்தால்தான் முடியும். முன் இருக்கையில் திலியான் உட்கார்ந்திருந்தான்.

"இறங்கு தம்பி."

"மேடம், நான் கூட இல்லாம வண்டி ஓடக் கூடாது."

"இறங்கு."

"நான் எப்படிக் கீழ போறது?"

"மரலாரி வரும்."

"எப்ப?"

"சேறு காஞ்சதும்."

அவன் இறங்கினான், பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு. பளபளப்பான காலணி சேற்றில் அழுந்தியது. இருக்கையைச் சாய்த்தார்கள், மனோலின் கால் அதன்மேல் வந்து நீண்டது. காய்ச்சலில் கண்ணைத் திறந்த மனோல், "யாரும்மா அந்தப் பையன்? சாப்பிட்டானா?" என்று கேட்டார். கினா, "அவன் கிடக்கான், நீங்க பேசாதீங்க" என்றாள்.

கண்ணுகளா, அந்த இறக்கத்தில் ஸ்தாம்கா எப்படி ஓட்டினாள் என்று நான் சொன்னால் போலீஸ்காரர்கள் காதில் விழும். மதியத்துக்குள் பெரிய மருத்துவமனையில் மனோல் அறுவை மேஜைமேல் இருந்தார். கதவு மூடியது. கினா ஜெபம் சொன்னாள். ஸ்தாம்காவின் போன் அடித்தது.

"மேடம்." கபஸாகோவின் கனிவான குரல். "வாகனம் மலையில் இருந்ததா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு. எங்க அதிகாரியோடும் தொடர்பு இல்ல. எஞ்சின் எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் நடக்குது சார்."

"எஞ்சினுக்கா?"

"மனோல் மாமாவுக்கு."

"ஓ." காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "நான் உங்க பக்கம்தான் மேடம். வாரண்டியைக் காப்பாத்தப் பார்க்கறேன். அந்தக் காலுக்குன்னு இல்லாம, தவறுதலா வழி மாறி மலைக்குப் போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தவறுக்கு எங்ககிட்ட இடம் இருக்கு. அவசரத்துக்குத்தான் இல்ல. அவசரம்னு ஒத்துக்கிட்டா, எங்க தாமதத்தாலதான் அவசரம் வந்துதுன்னு யாராவது சொல்லலாம் பாருங்க."

கதவு திறந்தது. அறுவை மருத்துவர் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு விரல் போச்சு. பாதம் இருக்கு. நாளைக்குக் கொண்டு வந்திருந்தா முட்டிக்கு மேலதான் பேசியிருப்போம்." கினா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவர் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு போனார்.

போனில் குரல் காத்திருந்தது. "சொல்லுங்க மேடம். வழி மாறிட்டீங்கதானே?"

"இல்ல சார்" என்றாள் ஸ்தாம்கா. அவள் குரல் உயரவில்லை, ஆனால் கினா திரும்பிப் பார்த்தாள். "வழி மாறினது நெல்வயல்ல சுத்தின ஒரு வாரம். ரெண்டு விரலைத் தின்ன வாரம். அதை எழுதிக்கோங்க. நீங்க எழுதலன்னா நான் எழுதறேன், ஊர் கேக்கிற மாதிரி. உங்க வாரண்டியைப் பெட்டிக்குள்ள வெச்சு அனுப்புங்க, உங்க தலைமையகத்துக்கே. நல்லா இருக்கட்டும்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கினாவை மருத்துவமனையில் மனோலோடு விட்டுவிட்டுச் சாயங்காலமே கிளம்பினாள். மேலே ஊசி போட வேண்டியவர்கள் இன்னும் இருந்தார்கள். புகோவோவைத் தாண்டியதும் தூற ஆரம்பித்தது. பாதி மலையில் ஒருவன் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு, காலணி கையில், சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பலகையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தான்.

ஸ்தாம்கா பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"கால் இருக்கா அக்கா?" என்று கேட்டான் திலியான்.

"இருக்கு."

அவன் தலையாட்டினான். கீழே போகும் பாதையைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். "ஏறிக்கவா?"

"நான் மேலதான் போறேன் தம்பி."

திலியான் பலகையைத் தலையிலிருந்து இறக்கினான். பிறகு சுற்றி வந்து, கதவைத் திறந்து, சேற்றுக் காலோடு உட்கார்ந்தான். ஸ்தாம்கா இரண்டாம் கியரைப் போட்டாள்.